நினைவுப் பலகைகள்

ஊர் என்பது வீடுகளும் வீதிகளும் மட்டும் அன்று. அங்கு வாழ்ந்து மறைந்தோரைப் பற்றிய நினைவும் சேர்ந்ததே ஊர் ஆகும். ஓர் ஊரின் பொதுவிடங்களில் எவருடைய சிலை நிற்கின்றது, எவருடைய பெயர் பொறிக்கப்பட்டுள்ளது என்று நோக்கினால், அவ்வூரார் எதனைப் பெருமையாகக் கருதுகின்றனர் என்பது விளங்கும். எவருடைய பெயர் எங்கும் காணப்படவில்லை என்று நோக்கினால், அவர்கள் எதனை மறக்க விரும்பினர் என்பதும் விளங்கும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் மாநிலங்களில், அடிமை முறை நிலைக்க வேண்டும் என்று போரிட்ட தரப்பினர்க்கு நூற்றுக்கணக்கான சிலைகளும் தூண்களும் எழுப்பப்பட்டன. அவ்வூர்களிலேயே கும்பல்களின் கையில் உயிரிழந்த கறுப்பின மக்களுக்கு நெடுங்காலம் ஒரு சிறு கல்லும் நாட்டப்பெறவில்லை. இந்த நூற்றாண்டில் அக்குறை சிறிது சிறிதாக நீங்கி வருகின்றது. கொலை நிகழ்ந்த இடங்களில் வரலாற்றுப் பலகைகள் நிற்கத் தொடங்கியுள்ளன. அவை நிற்பதற்கு ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின? நின்று அவை செய்யும் தொண்டு யாது? இவற்றை ஆராய்வது நலம்.

அச்சத்தை விதைத்த கொலைகள்

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861ஆம் ஆண்டில் தொடங்கி 1865ஆம் ஆண்டில் முடிந்தது. அதே ஆண்டில் அரசியலமைப்பு திருத்தப்பட்டு அடிமை முறை ஒழிந்தது. 1868இல் கறுப்பின மக்களுக்குக் குடியுரிமையும், 1870இல் அவ்வின ஆடவர்க்கு வாக்குரிமையும் உறுதி செய்யப்பட்டன. நேற்றுவரை விலைப்பொருளாய் இருந்தோர் வாக்களித்தனர், சட்டமன்றங்களில் அமர்ந்தனர், பள்ளிகளைக் கட்டினர், உழைத்துச் சேர்த்த பொருளால் நிலம் வாங்கினர். இந்த ஏற்றத்தைப் பழைய ஆண்டைகள் பொறுத்திலர். 1877ஆம் ஆண்டில் நடுவண் அரசு தன் படையைத் தென் மாநிலங்களில் காவற்பணியினின்று விலக்கிக்கொண்டது. காவல் நீங்கியதும் கொடுமை தலையெடுத்தது.

ஒருவனைக் கும்பல் ஒன்று பிடித்து, வழக்கும் விசாரணையும் இன்றித் தூக்கிலிட்டோ சுட்டோ எரித்தோ கொல்லும் செயலை அந்நாட்டார் 'லிஞ்சிங்' என்று வழங்குவர். குற்றம் செய்தவனைத் தண்டிப்பதே நோக்கம் என்று கும்பலார் கூறிக்கொண்டனர். உண்மை அதுவன்று. வெள்ளையர் ஒருவரை மரியாதைச் சொல் சேர்த்து அழைக்கத் தவறியவரும், வழியில் தெரியாது மோதியவரும், செய்த வேலைக்குக் கூலி கேட்டவரும், வாக்களிக்க முயன்றவரும் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்டவர் ஒருவர், அச்சுறுத்தப்பட்டவர் ஆயிரவர். "தலை நிமிர்ந்தால் உமக்கும் இதுவே கதி" என்று ஓர் இனத்தார் அனைவர்க்கும் விடுக்கப்பட்ட எச்சரிக்கையாகவே ஒவ்வொரு கொலையும் அமைந்தது. அதனால்தான் வரலாற்றறிஞர் இவற்றை இனவெறி அச்சுறுத்தற் கொலைகள் என்கின்றனர்.

இக்கொலைகள் இருளில் மறைவாக நிகழ்ந்தவை மட்டும் அல்ல. பல கொலைகள் பட்டப்பகலில், நகரின் நடுவே, பெருங்கூட்டத்தின் முன்னிலையில் நிகழ்ந்தன. புகைப்படம் எடுத்து, அதனை அஞ்சலட்டையாக அச்சிட்டு விற்றோரும் உண்டு. படத்தில் கும்பலாரின் முகங்கள் தெளிவாகத் தெரியும். ஆயினும் விசாரணை அலுவலர், "இன்னார் என அறியப்படாதவர்களால் இவர் இறந்தார்" என்று எழுதிக் கோப்பினை மூடிவிடுவார். ஊரே அறிந்த கொலைகாரனை ஏடு அறியவில்லை! கொலை முதற்கொடுமை, அதனைப் பற்றிய பொய்யும் மௌனமும் இரண்டாம் கொடுமை.

1877 முதல் 1950 வரை இவ்வாறு உயிரிழந்தவர்களுள் 4,400க்கு மேற்பட்டோரைப் பற்றிய சான்றுகள் இன்று திரட்டப்பட்டுள்ளன. 1910 முதல் 1970 வரை ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களை விட்டு வடக்கிலும் மேற்கிலும் உள்ள நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். வேலை தேடிச் சென்றோர் அவருள் பலர். ஆயினும் உயிரச்சமும் அவர்களை ஓட்டிய காரணங்களுள் ஒன்று.

மௌனத்தை உடைத்த பெண்மணி

இப்பெயர்களை மறையவிடாது முதன்முதல் எழுதி வைத்தோருள் தலைசிறந்தவர் ஐடா பி. வெல்ஸ் என்னும் பெண்மணி ஆவார். அவர் 1862ஆம் ஆண்டில் மிசிசிப்பி மாநிலத்து ஹாலி ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் அடிமைப் பெற்றோர்க்குப் பிறந்தார். பின்னர் மெம்பிஸ் நகரில் ஆசிரியராகவும் பத்திரிகை ஆசிரியராகவும் விளங்கினார். அந்நகரில் அவருடைய நண்பர் தாமஸ் மாஸ் என்பவர் கூட்டாளிகளுடன் ஒரு மளிகைக் கடை நடத்தி வந்தார். கடை செழித்தது, அருகில் கடை வைத்திருந்த வெள்ளை வணிகர்க்கு அது கண்ணில் முள்ளாயிற்று. பூசல் மூண்டது. 1892ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மாஸும் அவருடன் இருவரும் சிறையினின்று வெளியே இழுத்துச் செல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

அம்மூவரும் குற்றவாளிகள் அல்லர் என்பதை வெல்ஸ் நேரில் அறிவார். அவ்வாறாயின் மற்ற ஊர்களில் கொல்லப்பட்டோர் மீது சாட்டப்பட்ட குற்றங்களும் உண்மையாகுமா என்னும் ஐயம் அவர் உள்ளத்தில் எழுந்தது. அவர் நிகழ்ச்சிகளைத் தேடி ஆராய்ந்தார். கண்ட உண்மையை அஞ்சாது அச்சிட்டார். அதனால் அவ்வாண்டிலேயே, அவர் வெளியூர் சென்றிருந்த வேளையில், அவருடைய பத்திரிகை அலுவலகம் நொறுக்கப்பட்டது. மெம்பிஸுக்குத் திரும்பினால் உயிர் தங்காது என்னும் மிரட்டலும் வந்தது. அவர் அடங்கினாரல்லர், நியூயார்க்கிலும் சிக்காகோவிலும் இருந்து தொண்டினைத் தொடர்ந்தார். 1895இல் அவர் வெளியிட்ட நூலில் கொல்லப்பட்டோரின் பெயரும், நாளும், ஊரும், சாட்டப்பட்ட காரணமும் வரிசையாக இடம்பெற்றன. வெள்ளையர் நடத்திய செய்தித்தாள்களில் வந்த செய்திகளையே அவர் பெரிதும் சான்றாகக் கொண்டார். ஆதலின் மறுப்பார் வாயடைத்தனர்.

அவர் 1931இல் காலமானார். மறைந்து 89 ஆண்டுகள் கழிந்தபின், 2020இல், புலிட்சர் சிறப்புப் பாராட்டு அவருக்கு வழங்கப்பட்டது. அவர் தாளில் எழுதியதைப் பின்வந்தோர் பொதுவிடங்களில் பொறித்து நாட்ட முன்வந்தனர்.

டுலூத் நகரின் விளக்குக் கம்பம்

இக்கொடுமை தெற்கில் மட்டுமே நிகழ்ந்தது என்று எண்ணுதல் பிழை. மின்னசோட்டா மாநிலம் வட எல்லையில் உள்ளது. அங்குள்ள டுலூத் நகருக்கு 1920ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஒரு சர்க்கசுக் குழு வந்தது. அதில் வேலை செய்த கறுப்பின இளைஞர் சிலர்மீது, வெள்ளைப் பெண் ஒருத்தியைக் கெடுத்தனர் என்னும் பழி சுமத்தப்பட்டது. அப்பெண்ணைச் சோதித்த மருத்துவர் அதற்குரிய அடையாளம் எதனையும் காணவில்லை. ஆயினும் வதந்தி உண்மையினும் விரைந்து ஓடிற்று. ஜூன் 15ஆம் நாள் இரவு ஆயிரக்கணக்கானோர் காவல் நிலையத்தைச் சூழ்ந்தனர். காவலர் துப்பாக்கியைப் பயன்படுத்தலாகாது என்று மேலிடத்தார் ஆணையிட்டிருந்தனர். கும்பல் சிறைக்கதவை உடைத்தது. எலியாஸ் கிளேட்டன், எல்மர் ஜாக்சன், ஐசக் மெக்கீ என்னும் மூவரையும் வெளியே இழுத்தது. பாதிரியார் இருவர் தடுக்க முயன்றனர். அவர்கள் சொல் அரங்கேறவில்லை. தெருமுனையில் இருந்த விளக்குக் கம்பத்தில் மூவரும் தூக்கிலிடப்பட்டனர்.

கொலை செய்ததற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. கலகம் செய்தார்கள் என்று மூவர் மட்டும் குறுகிய காலம் சிறையிருந்தனர். ஆனால் உயிர் தப்பிய மாக்ஸ் மேசன் என்னும் கறுப்பின இளைஞர் அதே பழியின் பேரில் சிறைத்தண்டனை பெற்றார். ஒரு நன்மையும் விளைந்தது. நெல்லி பிரான்சிஸ் என்னும் கறுப்பினப் பெண்மணியின் இடைவிடா முயற்சியால், மறு ஆண்டிலேயே மின்னசோட்டா மாநிலம் கும்பற் கொலைக்கு எதிராகச் சட்டம் இயற்றியது.

அதன்பின் நகரம் வாய் மூடிக்கொண்டது. இறந்தோர் மூவரும் பெயர்க்கல் இல்லாத குழிகளில் புதைக்கப்பட்டிருந்தனர். பெற்றோர் இதனைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசவில்லை. அத்தெரு வழியே நாள்தோறும் நடந்தவருள் பலர் அங்கே நிகழ்ந்ததை அறியாமலே வளர்ந்தனர். 1991ஆம் ஆண்டில்தான் கல்லறைகளைத் தேடிக் கண்டு, பெயர் பொறித்த கற்களை நாட்டினர். ஊர் மக்கள் சிலர் குழுவாகக் கூடிப் பொருள் திரட்டினர். 2003ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், கொலை நிகழ்ந்த தெருமுனைக்கு எதிரே நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. அங்கே அம்மூவரும் வெண்கல உருவில் சுவரினின்று முன்வந்து நிற்கின்றனர். தூக்கிலே தொங்கியோராக அன்றி, வாழ்வு முன்னே கிடக்கும் இளைஞராகச் சிற்பி அவர்களை வடித்துள்ளார்.

நினைவுச் சின்னத்தின் திறப்பு விழாவிலே, கும்பலைத் திரட்டியோருள் ஒருவரின் கொள்ளுப்பேரர் எழுந்து பேசினார். தம் முன்னோர் செய்த தீங்குக்காக மன்னிப்பு வேண்டினார். அவர் அத்தீங்கினைச் செய்தவர் அல்லர். ஆயினும் அதனை மறைப்பவராக இருக்க அவர் உடன்படவில்லை. கொலை நிகழ்ந்து 100 ஆண்டுகள் நிறைந்த 2020ஆம் ஆண்டில், மாக்ஸ் மேசனுக்கு மின்னசோட்டா அரசு மன்னிப்பு வழங்கியது. அம்மாநில வரலாற்றில் இறந்தபின் ஒருவர்க்கு வழங்கப்பட்ட முதல் மன்னிப்பு அதுவே. நினைவுச் சின்னத்தோடு ஊர் உண்மையைப் பேசத் தொடங்கியது; பேசத் தொடங்கிய ஊரில் நீதி காலந்தாழ்த்தேனும் வந்தது.

அபேவில் நகரின் உழவர்

தென் கரோலினா மாநிலத்தில் அபேவில் என்றோர் ஊர் உண்டு. அங்கே ஆந்தனி கிராஃபோர்டு என்னும் கறுப்பின உழவர் வாழ்ந்தார். அடிமை முறையின் நிழலில் பிறந்த அவர் தம் உழைப்பால் 427 ஏக்கர் பருத்தி நிலத்திற்கு உரியவரானார். 1916ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், பருத்தி விதையின் விலை குறித்து அவருக்கும் வெள்ளை வணிகர் ஒருவர்க்கும் சொற்பூசல் நேர்ந்தது. தம் பொருளுக்கு உரிய விலையைக் கேட்டதே அவர் செய்த 'குற்றம்.' அன்றே கும்பல் ஒன்று அவரை அடித்து, தெருக்களின் வழியே இழுத்துச் சென்று கொன்றது. அவர் குடும்பத்தாரும் ஊரை விட்டுப் போகுமாறு அச்சுறுத்தப்பட்டனர். பாடுபட்டுத் தேடிய நிலத்தை விட்டு அவர் வழித்தோன்றல்கள் திசைதோறும் சிதறினர்.

சரியாக 100 ஆண்டுகள் கழிந்தன. 2016ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், உள்நாட்டுப் போரின் நினைவுத்தூண் நிற்கும் அதே நகரச் சதுக்கத்தில், கிராஃபோர்டின் வரலாற்றைக் கூறும் பலகை நாட்டப்பெற்றது. பல ஊர்களிலிருந்து அவர் வழித்தோன்றல்கள் வந்து கூடினர். துரத்தப்பட்ட குடும்பம் தன் முன்னோரின் பெயரை நகரின் நடுவே எழுத்தில் கண்டது. இழந்த நிலம் அதனால் மீளவில்லை. இழந்த மதிப்பில் ஒரு பகுதியேனும் மீண்டது.

மண்ணும் இரும்பும்

அபேவிலில் பலகை நாட்டுதற்குத் துணைநின்றது 'ஈக்குவல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ்' என்னும் சமநீதி அமைப்பாகும். அதனைப் பிரையன் ஸ்டீவன்சன் என்னும் வழக்கறிஞர் 1989இல் அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி நகரில் நிறுவினார். அவ்வமைப்பினர் பல ஆண்டுகள் பழைய செய்தித்தாள்களையும் ஆவணங்களையும் துருவி ஆராய்ந்து, 2015இல் தம் ஆய்வறிக்கையை வெளியிட்டனர்.

அவர்கள் பலகை நாட்டும் முறை அறியத்தக்கது. தலைநகரிலிருந்து பலகையைச் செய்து அனுப்பிவிடுதல் அவர்கள் வழக்கமன்று. முதலில் அவ்வூர் மக்களே, கறுப்பரும் வெள்ளையருமாய், ஒரு குழுவாகக் கூடுகின்றனர், நிகழ்ச்சியை ஆராய்கின்றனர். கொலை நிகழ்ந்த இடத்திற்குச் சென்று மண்ணை அகழ்ந்து ஒரு கண்ணாடிச் சாடியில் இடுகின்றனர். சாடியின்மேல் இறந்தவர் பெயரும் ஊரும் நாளும் எழுதப்படும். சில சாடிகளில் செம்மண், சிலவற்றில் கருமண், சிலவற்றில் மணல். பின்னரே பலகை எழுகின்றது. அதன் ஒருபுறம் அவ்வூரில் நிகழ்ந்த கொலையையும், மறுபுறம் நாடெங்கும் நிகழ்ந்த கொடுமையின் வரலாற்றையும் கூறும். ஊரார் தம் கையால் தேடி எழுதிய உண்மையாதலின், அதனைப் பிறர் தம்மீது சுமத்திய பழி என்று தள்ளிவிட அவர்களால் இயலாது.

2018ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள் மான்ட்கோமரியில் ஒரு பெரிய நினைவகம் திறக்கப்பட்டது. 6 ஏக்கர் பரப்புள்ள அவ்விடத்தில் 800க்கு மேற்பட்ட எஃகுத் தூண்கள் உள்ளன. ஒரு மாவட்டத்திற்கு ஒரு தூண். அம்மாவட்டத்தில் இறந்தோர் பெயர்கள் அதில் வெட்டப்பட்டுள்ளன. பெயர் தெரியாதவர்க்கும் ஆங்கே இடம் உண்டு. உள்ளே நுழைவோர்க்குத் தூண்கள் முதலில் கண்ணுக்கு எதிரே நிற்பன போலத் தோன்றும். நடக்க நடக்கத் தரை தாழ்ந்து செல்லும். தூண்கள் தலைக்குமேல் தொங்குவனவாகும். அண்ணாந்து பார்ப்போர், அன்று மரத்தடியில் கூடிநின்ற கூட்டத்தின் இடத்தில் தாம் நிற்பதை உணர்ந்து திடுக்கிடுவர். ஒவ்வொரு தூணுக்கும் இணையான மற்றொரு தூண் வெளியே கிடத்தப்பட்டுள்ளது. அந்தந்த மாவட்டத்தார் வந்து தமக்குரியதைக் கேட்டுப் பெற்றுத் தம் ஊரில் நாட்டிக்கொள்ள வேண்டும் என்பது நிறுவினோர் கருத்து.

குண்டு துளைத்த பலகை

பலகை நாட்டுதல் எங்கும் எளிதாய் அமைந்திலது. சிக்காகோ நகரைச் சேர்ந்த எம்மெட் டில் என்னும் 14 வயதுச் சிறுவன், 1955ஆம் ஆண்டு கோடையில் உறவினரைக் காண மிசிசிப்பி மாநிலம் வந்தான். கடையொன்றில் வெள்ளைப் பெண் ஒருத்தியிடம் தகாத முறையில் நடந்தான் என்று கூறி, ஆகஸ்டுத் திங்கள் 28ஆம் நாள் அவனைக் கடத்திக் கொன்று டாலஹாச்சி ஆற்றில் எறிந்தனர். உருக்குலைந்த மகனின் உடலை அன்னையார் மேமி டில் மூடி வைக்க இசையவில்லை. பெட்டியைத் திறந்தே வைத்து உலகம் காணச் செய்தார். வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கொலையாளிகள் இருவரையும் விடுவித்தது. சில திங்களில் அவ்விருவரும் தாமே கொன்றதாக ஓர் இதழுக்குப் பேட்டி அளித்தனர். ஆயினும் தண்டனை அவர்களை அணுகவில்லை.

சிறுவனின் உடல் கண்டெடுக்கப்பட்டதாகக் கருதப்படும் ஆற்றங்கரையில், அரை நூற்றாண்டுக்குப் பின்னர் ஒரு பலகை நாட்டப்பெற்றது. அதனை எவரோ பெயர்த்துச் சென்றனர். இரண்டாம் பலகை துப்பாக்கிக் குண்டுகளால் துளைக்கப்பட்டது. மூன்றாம் பலகைக்கும் அதே கதி நேர்ந்தது. நாட்டியோர் சோர்ந்தாரல்லர். 2019ஆம் ஆண்டு அக்டோபரில் நான்காம் பலகையை நாட்டினர். அது 200 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. குண்டு துளைக்காத எஃகால் ஆனது. மண்ணில் நின்ற ஒரு பலகையைக் கண்டு துப்பாக்கி ஏந்தியோர் சினங்கொண்டனர் என்பதே, அதில் எழுதிய சொற்களுக்கு எத்துணை ஆற்றல் உண்டு என்பதனைக் காட்டும்.

கும்பற் கொலையைத் தடுக்க நடுவண் சட்டம் வேண்டும் என்னும் முயற்சி 1900ஆம் ஆண்டில் தொடங்கியது. அந்நாளில் அமெரிக்கப் பாராளுமன்றத்தில் இருந்த ஒரே கறுப்பின உறுப்பினர் ஜார்ஜ் ஹென்றி ஒயிட் முதல் மசோதாவைக் கொண்டுவந்தார். அதன்பின் ஏறத்தாழ 200 முயற்சிகள் தோல்வியுற்றன. 2022ஆம் ஆண்டு மார்ச்சு 29ஆம் நாள்தான் அச்சட்டம் நிறைவேறிக் கையெழுத்தாயிற்று. அது எம்மெட் டில்லின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

பலகையின் பயன்

"ஆறிய புண்ணைக் கிளறுவானேன்?" என்று கேட்போர் அந்நாட்டிலும் உண்டு. புண் ஆறிவிட்டது என்று சொல்லுதற்கு உரியவர் யார் என்பதை அவர்கள் எண்ணுதல் வேண்டும். ஊரை விட்டு ஓடிய குடும்பத்தார் எந்நாளும் மறந்திலர். மறந்தவர் துரத்திய ஊரார் மட்டுமே. மூடி வைத்த புண் வெளியே தெரியாமல் இருக்கும்; ஆறிவிடாது.

பலகை இறந்தாரை எழுப்பாது. தப்பிய கொலைகாரரைத் தண்டிக்காது. ஆனால் "அறியப்படாதவர்களால் இறந்தார்" என்று பொய்யெழுதிய ஏட்டிற்கு அது மறுமொழி கூறுகின்றது. இன்னார், இந்த நாளில், இந்த இடத்தில், குற்றமின்றிக் கொல்லப்பட்டார் என்று ஊரார் கையொப்பமிட்டதற்கு அது ஒப்பாகும். நீதிமன்றம் சொல்லத் தவறிய தீர்ப்பை, காலந்தாழ்ந்தாயினும், தெருமுனை சொல்லுகின்றது. அவ்வழியே பள்ளிக்குச் செல்லும் சிறுவர் அதனைப் படிப்பர். கும்பலோடு கும்பலாய்ச் சேர்ந்து நின்றோரும், கண்டும் வாய் திறவாதோரும் எவ்வளவு பெரிய தீங்கிற்குத் துணையாயினர் என்பதை அவர்கள் அறிவர். அறிந்தோர் உள்ளத்தில், அடுத்த முறை ஒரு கும்பல் கூடும்போது அதனோடு சேராது விலகி நிற்கவும், எதிர்த்து நிற்கவும் துணிவு பிறத்தல் கூடும். அத்துணிவை வளர்ப்பதே அப்பலகைகள் செய்யும் தொண்டு ஆகும்.

அருஞ்சொற்பொருள்

பொறுத்திலர் – பொறுக்கவில்லை
பூசல் – சண்டை, சச்சரவு
வதந்தி – உறுதியற்ற செய்தி
வழித்தோன்றல்கள் – வமிசத்தில் வந்தோர்
துருவி – நுணுகித் தேடி
அகழ்தல் – தோண்டுதல்
எஃகு – உருக்கு

வினாக்கள்

1. கும்பற் கொலைகளின் உண்மையான நோக்கம் யாது?
2. ஐடா பி. வெல்ஸ் தம் நூலுக்கு எவற்றைச் சான்றாகக் கொண்டார்? அதனால் விளைந்த பயன் யாது?
3. டுலூத் நகரம் நெடுங்காலம் காத்த மௌனம் எவ்வாறு கலைந்தது?
4. பலகை நாட்டும் பணியில் ஊரார் பங்கு கொள்ளுதல் ஏன் இன்றியமையாதது?
5. "மூடி வைத்த புண் வெளியே தெரியாமல் இருக்கும், ஆறிவிடாது." இக்கூற்றினைப் பாடத்திலுள்ள நிகழ்ச்சிகளைக் கொண்டு விளக்கி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.